ரியாக்டில் தரவு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரை வரைந்த பின் ஒரு வேலையை ஓட்டும் யூஸ்எஃபெக்ட்டுக்குள், சர்வரிடம் தரவு கேட்கும் ஒரு ஃபெட்ச். 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு ஹூக்குகள் (யூஸ்எஃபெக்ட் போன்ற ஃபங்ஷன்கள்) வந்ததிலிருந்து, சர்வரிலிருந்து தரவு எடுக்க, திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டில் பலரும் முதலில் எழுதுவது இதைத்தான். சில வரிகளில் முடிந்துவிடும், நம் லேப்டாப்பில் நன்றாகவே ஓடும். நெட் மெதுவாகும்போதுதான் கோளாறு தெரியும்.

இருப்பதிலேயே மோசமானது, பதில்கள் வரிசை மாறி வருவது. ஓர் ஆன்லைன் கடையின் தேடல் பெட்டியில் ஒருவர் ‘பைக்’ என்று தட்டுகிறார். பாதி தட்டும்போதே ‘பை’ என்ற சொல்லுக்கும் ஒரு கோரிக்கை போய்விடுகிறது. அதற்குப் பொருள்கள் அதிகம், பதில் தாமதம். ‘பைக்’கின் பதில் முந்தி வந்து சரியான பட்டியல் தெரிகிறது. அப்புறம் பழைய பதில் வந்து அதை அழித்துவிடுகிறது. பெட்டியில் பைக், கீழே வரிசையாகத் தோள்பைகள்! கன்சோலில் ஒரு பிழையும் இருக்காது. டிபவுன்ஸ் (தட்டுவது சற்று நிற்கும்வரை கோரிக்கையைத் தள்ளிப்போடுவது) போட்டால் போதும் என்பார்கள். அது கோரிக்கைகளைக் குறைக்கும், வரிசையைக் காப்பாற்றாது.

இதற்கு வழி கிளீனப், அதாவது யூஸ்எஃபெக்ட்டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் (எஃபெக்ட்) திருப்பித் தரும் இன்னொரு ஃபங்ஷன். தேடுசொல் மாறினால், புதிய எஃபெக்ட் ஓடும் முன் பழையதன் கிளீனப்பை ரியாக்ட் அழைக்கும். கோரிக்கையை ரத்துசெய்ய உதவும் அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலை ஃபெட்ச்சுக்குக் கொடுத்து, கிளீனப்பில் அபார்ட் செய்யுங்கள். ரத்தான கோரிக்கை அபார்ட்எரராக, பிழைகளைப் பிடிக்கும் கேட்ச்சுக்குள் வரும். அதைப் பயனருக்குப் பிழையாகக் காட்டிவிடக் கூடாது. வெற்றியோ பிழையோ, கடைசியில் ஓடும் ஃபைனலியில் லோடிங்கை நிறுத்துகிறீர்களா? ரத்தானதன் ஃபைனலியும் ஓடும். புதிய தேடல் முடியும் முன்பே சுழலும் வட்டம் மறைந்துவிடும்.

யூஸ்எஃபெக்ட்டுக்கு நேரடியாக அசிங்க் ஃபங்ஷனைக் கொடுத்தால் இந்தக் கிளீனப்பே கிடைக்காது, ஏனென்றால் அது கிளீனப் ஃபங்ஷனை அல்ல, முடிவைப் பின்னால் தரும் ப்ராமிஸைத்தான் திருப்பித் தரும். உள்ளே தனியாக ஓர் அசிங்க் ஃபங்ஷன் எழுதி அழையுங்கள்.

ரியாக்ட் 18 வந்ததும் ‘கோரிக்கை இரண்டு முறை போகிறதே’ என்று பலர், தவறுகளைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்ட்ரிக்ட்மோடையே எடுத்துவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். அது எஃபெக்ட்டை ஓட்டி, கிளீனப் செய்து, மீண்டும் ஓட்டுகிறது, அதுவும் டெவலப்மென்ட்டில் மட்டும். கிளீனப் விடுபட்டிருந்தால் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

404 (கேட்டது இல்லை), 500 (சர்வர் கோளாறு) வந்தால் ஃபெட்ச் கேட்ச்சுக்குப் போகும் என்று நம்பாதீர்கள். பதில் என்று ஒன்று வந்துவிட்டாலே அதன் கணக்கில் வெற்றிதான். வெற்றியா இல்லையா என்று சொல்லும் பதிலின் ஓகே மதிப்பை நாமே பார்த்து, இல்லையென்றால் பிழையை த்ரோ செய்ய வேண்டும். அதேபோல, கம்போனென்ட்டுக்குள் (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் ஃபங்ஷன்) உருவாக்கும் ஆப்ஜெக்ட்டை டிபென்டென்சி பட்டியலில் (எவை மாறினால் எஃபெக்ட் மீண்டும் ஓட வேண்டும் என்பது) வைத்தால், ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது கம்போனென்ட் ஓடும் ஒவ்வொரு முறையும், அது புதிது. தரவு வந்து ஸ்டேட் (கம்போனென்ட் நினைவில் வைத்திருப்பது) மாறியதும் மறுபடி ஃபெட்ச், மறுபடி ரெண்டர், முடிவே இல்லை. உள்ளே இருக்கும் எண்ணையோ சரத்தையோ மட்டும் வையுங்கள்.

பெரிய செயலியென்றால் தரவு எடுக்கும் நூலகங்களான டான்ஸ்டாக் குவெரியோ எஸ்டபிள்யூஆரோ பயன்படுத்துவதே நல்லது. பதில்களைக் கீ (ஒவ்வொரு தரவுக்கும் நாம் தரும் அடையாளம்) வாரியாகப் பிரித்து வைப்பதால் ‘பை’யின் பதில் ‘பைக்’கின் இடத்துக்கு வராது. ஆனால் தேடுசொல்லையும் அந்தக் கீயில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் எதைத் தட்டினாலும் கேஷில் சேமித்து இருக்கும் பழைய பட்டியல்தான் வந்து நிற்கும்.