கிட்டார் ஆம்ப் கரகரக்கிறதா? ஸ்பீக்கரை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மழைக்காலம் தொடங்கினால் போதும், தேவாலயப் பாட்டுக்குழுவிலும் கோயில் திருவிழா மேடையிலும் கிட்டார் வாசிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "அண்ணே, ஆம்ப் கரகரங்குது. ஸ்பீக்கர் போயிடுச்சா?"

போயிருக்கலாம். ஆனால் கிட்டார் கம்பியில் தொடங்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி வழியாக, சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்ட் வரை எங்கே பழுது வந்தாலும், அது காதுக்கு வருவது ஸ்பீக்கர் வழியாகத்தான். அதனால் பழி முதலில் அதன் மேல் விழுகிறது. யாங்கோனில் நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று வாங்குவது லேசான செலவில்லை. வாங்கி மாட்டிய பிறகும் அதே கரகரப்பு கேட்டால் பணமும் போச்சு, மனசும் விட்டுப்போகும். கீழே சொல்லும் வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் அந்த நிலை வராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல நிலையில் உள்ள இன்னொரு கிட்டார் கேபிள், ஒரு மல்டிமீட்டர், டார்ச், செல்போன், ஒரு ஜோடி மர நூடுல்ஸ் குச்சி. இரவல் கிடைத்தால் இன்னொரு கிட்டாரும் இன்னொரு ஆம்ப்பும்.

ஒரு எச்சரிக்கை. வால்வு ஆம்ப்புக்குள் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் ஆம்ப்) 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டன்சர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உயிரைப் பறிக்கும் அளவு அது. இங்கே சொல்லும் எந்தச் சோதனைக்கும், மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டியான சேசிஸைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் வேண்டாம்.

முதல் படி: எப்படிப்பட்ட கரகரப்பு?

உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழான கெய்னைக் குறைத்து, ஒலியை உடைக்காத சுத்தமான சேனலில் ஒவ்வொரு கம்பியாக மெதுவாக மீட்டிக் கேளுங்கள். சில சுரங்களில் மட்டும் "டர்ர்" என்று வந்து அடுத்த சுரத்தில் காணாமல் போனால், ஏதோ ஒரு பாகம் தளர்ந்து அதிர்கிறது. கீழ்க் கம்பிகளைப் பலமாக அடிக்கும்போது "ப்பர்ர்" என்று காகிதம் படபடப்பது போல வந்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோன் மேல் சந்தேகப்படலாம். சுரம் தேய்ந்து அடங்கும் கடைசியில் மட்டும் "சரசர" என்று கேட்டால் அது வேறு விஷயம். தாங்க முடியாமல் கதறும் ஸ்பீக்கர் சத்தம் கூடும்போதுதான் கதறும். தேயும்போது மட்டும் வருவது வாய்ஸ் காயிலின் (கோனோடு ஒட்டி, காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருள்) உரசலாகவோ ஆம்ப்பின் மின்சுற்றுக் கோளாறாகவோ இருக்கும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே பொரிகிறது என்றால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஜாக், வால்யூம் கண்ட்ரோல், வால்வு பக்கம் தேடுங்கள்.

கேட்டதைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் மெக்கானிக்கிடம் போக வேண்டி வந்தால் அந்தத் தாள் பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டாம் படி: கரண்ட்

வெளிநாட்டுக் கையேடுகளில் இது கடைசியில்தான் வரும். நம் ஊரில் இதைத்தான் முன்னால் பார்க்க வேண்டும். பர்மாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது கணக்கு. எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் சாயங்கால நேரத்தில் அது எவ்வளவு இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். 180 வோல்ட்டுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான ஆம்ப்புகளில் சுத்தமாகக் கிடைக்கும் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும். 40 வாட் ஆம்ப் அப்போது ஏறத்தாழ 24 வாட்தான் சுத்தமாகத் தரும். நீங்கள் வழக்கமான இடத்தில் குமிழை வைத்து வாசிப்பீர்கள். ஒலி முன்கூட்டியே கிழியத் தொடங்கும். வால்வு ஆம்ப் என்றால் வால்வைச் சூடாக்க 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு 5 வோல்ட்கூடக் கிடைக்காது, ஒலி சோர்ந்து மங்கிவிடும்.

ஸ்டெபிலைசரின் முகப்பில் வோல்ட் காட்டினால் அதில் வெளியே போகும் அளவைப் பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் சீராக இருக்கும் நேரத்தில், அதே குமிழ் அளவில், அதே பாட்டை வாசித்துப் பாருங்கள். கரகரப்பு நேரத்தைப் பொறுத்து வந்து போகிறது என்றால் ஆம்ப்பில் குறையில்லை.

இன்வெர்ட்டரில் வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் பல, வளைந்து போகும் சைன் அலையைத் தருவதில்லை. படி படியாக வெட்டிய அலையைத் தருகின்றன. கிட்டார் ஆம்ப்பில் அது ஓயாத ரீங்காரமாகக் கேட்கும். மெயின் கரண்ட் வந்ததும் அது நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் என்றால் பின்பக்கம் பாருங்கள். அது 100 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். நடுவில் போட்டிருக்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்புக்குப் போதாத சின்ன அளவாக இருந்தால், பலமாக வாசிக்கும்போதெல்லாம் வோல்ட்டேஜ் தொய்யும்.

மூன்றாம் படி: கிட்டார், கேபிள், பெடல்

இது சீக்கிரம் முடியும். ஒலியை மாற்ற காலால் மிதிக்கும் பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிட்டாரை நேராக ஆம்ப்பில் சொருகுங்கள். கேபிளை மாற்றுங்கள். கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் புதிது போடுங்கள். தீர்ந்துபோகும் பேட்டரி தரும் கரகரப்பு, கிழிந்த ஸ்பீக்கரை அப்படியே ஒத்திருக்கும். கம்பிகளுக்குக் கீழே ஒலியைப் பிடிக்கும் பிக்கப், கம்பியை உரசும் அளவுக்கு உயர்ந்திருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். இன்னொரு கிட்டாரில் சுத்தமாகக் கேட்டால் ஆம்ப்பைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: கெய்னா, மாஸ்டரா?

கெய்னைக் கூட்டி, கடைசிச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் குமிழைக் குறைத்து வாசியுங்கள். பிறகு கெய்னைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டுங்கள். காதுக்கு வரும் சத்தம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். கெய்னைக் கூட்டும்போது மட்டும் கரகரத்தால் கோளாறு ப்ரீஆம்ப்பில், அதாவது ஒலியை முதலில் பெருக்கும் பகுதியில். இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தால், ஸ்பீக்கரை ஓட்டும் பகுதியான பவர் ஆம்ப்பிலோ ஸ்பீக்கரிலோ இருக்க வாய்ப்பு. ஹெட்ஃபோன் ஜாக் இருந்தால் அதிலும் கேளுங்கள். அங்கேயும் அதே கரகரப்பு வந்தால், ஸ்பீக்கர் குற்றமற்றது.

ஐந்தாம் படி: சென்ட், ரிட்டர்ன்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒலியை வெளியே பெடலுக்கு அனுப்பித் திரும்ப வாங்க ஆம்ப்பின் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால், அவற்றில் எதையும் சொருகாதவர்கள் அவை இருப்பதையே மறந்திருப்பார்கள். ரிட்டர்ன் ஜாக்குக்குள் சின்னப் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். ப்ளக் எதுவும் சொருகாதபோது, ப்ரீஆம்ப்பிலிருந்து பவர் ஆம்ப்புக்குப் போகும் மொத்த ஒலியும் அந்தத் தகடு தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு புள்ளி வழியாகத்தான் போகிறது. நம் மழைக்காலத்து ஈரத்தில் அந்தப் புள்ளியில் களிம்பு ஏறும். அப்புறம் ஒலி மெலிந்து கரகரக்கும், சட்டென்று பலமாக அடித்தால் ஒரு நொடி சரியாகி மறுபடி கெடும்.

எங்கள் பாட்டுக்குழு ஆம்ப்பில் இதேதான் நடந்தது. எல்லோரும் ஸ்பீக்கருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒரு சின்ன கேபிளை எடுத்து சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு சொருகினேன். அந்தக் கணமே ஒலி நிறைந்து வந்தது. கேபிள் அந்தக் களிம்பேறிய புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். குணம் தெரிந்தால் ஆம்ப்பை அணைத்து, ப்ளக்கின் மேல் கான்டாக்ட் க்ளீனர் சிறிது அடித்து, ரிட்டர்னில் பத்துப் பதினைந்து முறை சொருகி எடுங்கள். பூட்டுக்குப் போடும் எண்ணெய் வேண்டாம், அது தூசியைச் சேர்க்கும்.

ஆறாம் படி: மாற்றிக் கேட்பது

இப்போதுதான் ஸ்பீக்கரின் முறை. ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி வேறொரு கேபினெட்டில், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில் இணையுங்கள். ஓம் அளவு ஆம்ப்பின் பின்னால் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும். கிட்டார் கேபிளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் உள்கம்பி மெல்லியது. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். பிறகு திருப்பிச் செய்யுங்கள்: சந்தேகப்படும் ஸ்பீக்கரை நல்ல ஆம்ப்பில் போட்டுக் கேளுங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு கூடவே வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. ஆம்ப்போடு நின்றுவிட்டால் புது ஸ்பீக்கர் வாங்கும் பணத்தை மெக்கானிக்குக் கொடுக்கலாம்.

ஏழாம் படி: ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்ப்பது

ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டார்ச் அடித்து கோனைச் சுற்றிப் பாருங்கள்: கிழிசல், ஓரத்தில் பசை விட்ட இடம், நடு மூடி தளர்ந்திருப்பது, பூஞ்சை. கிழிசல் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. 1964-ல் இங்கிலாந்தின் கின்க்ஸ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்பின் கோனை வேண்டுமென்றே பிளேடால் கீறி அந்த முரட்டு ஒலியை எடுத்தார். நமக்கு வேண்டாத இடத்தில் அது வரக்கூடாது.

பிறகு இரண்டு கைவிரல்களையும் நடு மூடிக்கு இருபுறமும் சம தூரத்தில் வைத்து, கோனை மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். நல்ல ஸ்பீக்கர் ஓசையே இல்லாமல் போய் வரும். மணல் தேய்ப்பது போல உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அதனால் இரு கையும் சமமாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ஓம் அளக்கும் நிலையில் மல்டிமீட்டரை ஸ்பீக்கரின் இரு முனைகளில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் 12 முதல் 13 வரை. எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்புதான், பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது அல்லது இணைப்பு அறுந்துவிட்டது. கோனை மெல்ல அசைக்கும்போது எண் துள்ளினால், முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுபடும் நிலையில் இருக்கிறது.

"டர்ர்" என்று சில சுரங்களில் மட்டும் வருவதைப் பிடிக்க செல்போன் போதும். ஸ்பீக்கர் ஒயரைத் திரும்ப மாட்டி ஆம்ப்பைப் போடுங்கள். ஒரே சுரத்தை விடாமல் தரும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஆம்ப்பில் செல்போனை இணைக்கும் ஆக்ஸ் ஜாக்கில் குறைந்த சத்தத்தில் கொடுத்து, 80 ஹெர்ட்ஸிலிருந்து 1200 வரை மெதுவாக ஏற்றுங்கள். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். எங்கே "டர்ர்" வருகிறதோ அங்கே நிறுத்தி, வெளிப்பாகங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள்: கைப்பிடி, பின்பலகை, முன் வலைத் துணிச் சட்டம், பெயர்ப் பட்டை. வால்வு ஆம்ப் என்றால் வால்வைக் கையால் தொடாதீர்கள், சுடும். மரக் குச்சியால் லேசாகத் தட்டுங்கள். ஒன்றைத் தட்டும்போது மட்டும் ஸ்பீக்கரில் மணிபோல ஒலித்தால் அந்த வால்வுதான். அறையையும் மறக்காதீர்கள். ஜன்னல் கண்ணாடி, பால்கனி கிரில், பக்கத்தில் இருக்கும் ஸ்நேர் டிரம் எல்லாமே கூடச் சேர்ந்து அதிரும். ஆம்ப்பை வேறு அறைக்குத் தூக்கிப்போய் வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

எட்டாம் படி: கண்டுபிடித்த பிறகு

சின்னக் கிழிசல் என்றால், மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டிக் காயவிடலாம். பசை குறைவாக இருக்கட்டும், கனம் கூடினால் ஒலி மாறும். காயில் உரசல் இருந்தால் முதலில் ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் திருகாணிகளை எல்லாம் தளர்த்தி, எதிரெதிராக ஒவ்வொன்றாக, அளவாக இறுக்குங்கள். ஒரு பக்கம் அதிகமாக இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு காயில் உரசும். அதிலும் சரியாகாவிட்டால் ஸ்பீக்கரின் மேல் ஓரம் கீழே வரும்படி அரை வட்டம் சுழற்றி மாட்டிப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே பக்கம் தொய்ந்த கோன் சில சமயம் நடுவுக்கு வந்துவிடும். அதற்கும் மசியாத உரசலுக்கு கோன் மாற்றுவதோ புது ஸ்பீக்கரோதான் வழி.

புதிது வாங்கினால் ஓம் அளவு பழையதோடு ஒன்றாக இருக்க வேண்டும், வாட் அளவு ஆம்ப்பின் வாட்டுக்குக் குறையக்கூடாது. பழையதைக் கழற்றும் முன் எந்த ஒயர் கூட்டல் குறி பக்கம் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.