பைக்ல போகும்போது கோவம் வந்தா மொதல்ல வலது கையப் பாருங்க

காரைக்குடிலேர்ந்து திருப்பத்தூர் போற ரோட்டுல, குன்றக்குடி தாண்டி, ஒரு பஸ் ஹாரன அடிச்சுக்கிட்டே ஒரசுற மாதிரி வந்து என்னைய ரோட்ட விட்டு மண்ணுல எறக்கிட்டுப் போயிருச்சு. பின்னாடி எம் பொண்ணு உக்காந்திருக்கா. வந்த கோவத்துல வண்டிய மேல ஏத்தி ஒரே முறுக்கு, அந்த பஸ்ஸ மறிச்சு டிரைவர நாலு வார்த்த கேட்டுரணும்னு. பிள்ளையார்பட்டி வர்ற வரைக்கும் பிள்ள ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுறேன், விலாப்பக்கம் தையல் பிரிஞ்சிருக்கு, அவ்வளவு இறுக்கிப் புடிச்சிருக்கா. பயமுறுத்துனது பஸ் இல்ல, நாந்தான்.

அதுலேர்ந்து நா பழகிக்கிட்டத எழுதுறேன், அன்னாடம் வண்டி ஓட்டுறவங்களுக்கு உதவும்.

கார்ல இருக்கவங்க கோவம் வந்தா கத்துவாங்க, நம்ம முறுக்குவோம். பைக்ல கோவம் மண்டைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே வலது மணிக்கட்டுக்கு வந்துருது. அதனால மனசச் சரி பண்றேன்னு உக்காராதீங்க, கையச் சரி பண்ணுங்க. மிரரப் பாத்துட்டு ஆக்ஸிலேட்டரத் தளர விடுங்க, இறுகிப்போன பிடிய லேசாக்குங்க, காதுகிட்ட ஏறி நிக்கிற தோள எறக்குங்க, பல்லக் கடிச்சிருப்பீங்க அதையும் விடுங்க. இழுக்குற மூச்ச விட விடுற மூச்சு நீளமா இருக்கணும், நாலஞ்சு தடவ போதும், நெஞ்சுப் படபடப்பு தணியும். அதுக்குள்ள அந்த வண்டி அரைக் கிலோமீட்டர் போயிருக்கும், போகட்டும். நமக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

60ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருவோம். முன்னால போறவன மொறச்சுக்கிட்டே ஒரு செகண்ட் விட்டா, பிரேக்கத் தொடுறதுக்கு முன்னாடியே அந்த 17 மீட்டர் போச்சு, குறுக்க ஆடு வந்தாலும் அவ்வளவுதான். அவசரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, 20 கிலோமீட்டர 50ல போனா 24 நிமிஷம், 60ல போனா 20 நிமிஷம், ஒரு டீ குடிக்கிற நேரத்துக்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டும்.

பாதி கோவம் வீட்லயே கெளம்பிருது. மத்தியானம் சாப்பிடாம, தண்ணி குடிக்காம, பங்குனி வெயில்ல ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்துக்கிட்டுப் போனா யார் ஹாரன் அடிச்சாலும் சுள்ளுனுதான் ஏறும். பத்து நிமிஷம் முன்னாடி கெளம்புங்க, ஒரு பாட்டில் தண்ணி வச்சுக்கங்க, பெருசா வேற ஒன்னும் வேண்டாம்.

ராத்திரி எதுக்க வர்றவன் ஹை பீம் அடிச்சா பதிலுக்கு நம்மளும் அடிக்கிறது பெரிய தப்பு, ரெண்டு பேருமே குருடாயிருவோம். வேகத்தக் கொறச்சு ரோட்டோட இடது ஓரக் கோட்டப் பாத்துப் போங்க. தைப்பூசத்துக்கு முன்னாடி பழனிக்கு நடக்குற சனம் குன்றக்குடி வழியா ராவோட ராவா ஓரத்துலதான் போகும், காவடியோட வயசானவங்களும் இருப்பாங்க. அந்த நாள்ல நம்ம யாரோடயும் போட்டி போட்டா அடி படுறது அவங்களுக்குத்தான்.

நம்ம மேல தப்புன்னா கையத் தூக்கி ஒரு சைகை, முடிஞ்சா "மன்னிச்சுக்கங்கண்ணே, கவனிக்கல". பாதிப் பேர் அதோட விட்டுருவாங்க. நம்ம ஊர்ல சின்னப் பிள்ளையக் கூட வாங்க போங்கன்னு கூப்புடுற வீடுகள் எத்தன இருக்கு, ஹெல்மெட்ட மாட்டுனதும் வாய்ல டேய் வந்துருதே, அது எனக்கு இப்பவும் வருத்தந்தான்.

எதிராளி தொரத்திக்கிட்டே வந்தான்னா எறங்காதீங்க, ஹெல்மெட்டக் கழட்டாதீங்க, பதில் பேசாதீங்க. முக்கியமா வீட்டுக்குப் போகாதீங்க, வீட்டக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். ஆள் நடமாட்டம் இருக்க பெட்ரோல் பங்க், டீக்கடை, இல்ல போலீஸ் ஸ்டேஷன் வாசல், அங்க நிறுத்திட்டு 112க்குப் போன் பண்ணுங்க. பஸ் லாரி மேல புகார்னா வண்டி நம்பர், நேரம், இடம், இந்த மூணும் இருந்தாத்தான் நிக்கும், அதையும் ஓட்டிக்கிட்டே பாக்காம ஓரமா நிறுத்திக் குறிச்சுக்கங்க. மறிச்சு சண்ட போட்டா புகார் நம்ம மேலயும் வரும்.

இப்ப எனக்கும் எம் பொண்ணுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கு. முதுகுல ரெண்டு தட்டு தட்டுனா நா வேகத்தக் கொறச்சுரணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. போன வாரம் கோட்டையூர்கிட்ட ஒரு கார் ஒரசிக்கிட்டுப் போச்சு, கை முறுக்கப் போகுது, அதுக்குள்ள முதுகுல ரெண்டு தட்டு. விட்டுட்டேன்.