புதுத் தொட்டிக்குப் பழைய ஸ்பாஞ்ச்

புது மீன் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்றே மீனை விட்டுவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். அமோனியா, நைட்ரைட் இரண்டுமே மீனுக்கு விஷம். இந்தப் பாக்டீரியா தானாகப் பெருக 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம்.

அந்தக் காலத்தைக் குறைக்க நான் நம்பும் வழி, பல மாதமாக மீன்கள் நோயில்லாமல் வாழும் தொட்டியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கேட்டு வாங்குவதுதான். இந்தப் பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் பழுப்பாக, தொட்டால் வழவழவென்று இருக்கும். பாவம், அழுக்கு என்று நினைத்துக் குழாயடியில் பிழிந்துவிடுகிறார்கள்! குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். அந்தத் தொட்டித் தண்ணீரோடு பையில் எடுத்து வந்து, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரில் உடனே மாட்டுங்கள். பழைய தண்ணீரை மட்டும் ஊற்றிப் பயனில்லை. பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வாழ்பவை. ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும், அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

அப்புறம் ஓரிரு சிறிய மீன்கள் போதும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தண்ணீரில் கால்வாசியை மாற்றுங்கள். இரண்டும் 0 என்று நிலைத்த பிறகு அடுத்த மீனை வாங்கலாம்.