அப்பார்ட்மென்ட் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்தப் புளோயர்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்துக் குடியிருப்புகளுக்கு மேனேஜர் வேலைக்கு வரும் இளைஞர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவர் டிப்ளமோ எலெக்ட்ரிக்கல், இன்னொருவர் ஹோட்டல் மேனேஜ்மென்ட். சுறுசுறுப்பானவர்கள், குடியிருப்பவர்களிடம் பணிவாகப் பேசுகிறவர்கள். ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில் அவர்களும் சறுக்குகிறார்கள். படிக்கட்டு பெருக்கவில்லை, லைட் எரியவில்லை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதைக் குடியிருப்பவர்களே அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். தரைக்குக் கீழேயும் பூட்டிய அறைக்குள்ளேயும் நடப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கரண்ட் பில்லைக் குறைக்க எஸ்.டி.பி. புளோயரை நிறுத்துவது

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். இன்றைக்கும் எங்காவது கேள்விப்பட்டால் எரிச்சல் வருகிறது.

புது மேனேஜர் சேர்ந்ததும் கமிட்டி முதலில் கேட்பது, “செலவை எங்கே குறைக்கலாம்?” அவர் பொது மீட்டர் பில்லைப் பார்க்கிறார். லிஃப்ட்டை நிறுத்த முடியாது, மோட்டாரை நிறுத்த முடியாது. கழிவுநீர் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி. அறையில் புளோயர் என்ற காற்று ஊதும் மிஷின் ஒன்று இரவும் பகலும் இரைந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அணைத்துக் காலை ஆறு மணிக்குப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கணக்கும் நன்றாகத்தான் வரும். 5 ஹெச்.பி. புளோயர் என்றால் மணிக்கு 3.7 யூனிட். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 யூனிட், மாதத்துக்கு 900. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் மாதம் 7,200 ரூபாய் மிச்சம். அடுத்த மீட்டிங்கில் கைதட்டல் கிடைக்கும்.

அந்தப் புளோயர் என்ன செய்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஏரேஷன் டேங்க்கில் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியா. அதற்குக் காற்று வேண்டும். அடியில் இருக்கும், காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் வழியாக அந்தக் காற்றை அனுப்புவதுதான் புளோயரின் வேலை. நிறுத்திய சில மணி நேரத்தில் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நல்ல பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், காற்றில்லாமல் பிழைக்கும் வேறு வகை பெருகும். அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். இரண்டு புளோயர் கொடுத்திருப்பது மாறி மாறி ஓய்வு தருவதற்கு. இரண்டையும் சேர்த்து நிறுத்துவதற்கு இல்லை.

பெரும்பாக்கம் பக்கம் சுமார் இருநூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “ஃப்ளஷ் தண்ணி நாறுது, வந்து பாருங்க சார்” என்றார் செக்ரட்டரி. மூடியைத் திறந்தால் டேங்க் தார் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. குமிழியே இல்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் பையன், “கரண்ட் பில் ஏழாயிரம் குறைஞ்சிருக்கு சார்” என்றார், உண்மையான பெருமையோடு. அதற்கு மேல் நடந்ததுதான் மோசம். நாற்றம் போக வேண்டும் என்று, கழிவுநீர் முதலில் வந்து சேரும் கலெக்‌ஷன் டேங்க்கில் பிளீச்சிங் பவுடரை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். மிச்சம் மீதி இருந்த பாக்டீரியாவும் அதில் போய்விட்டது.

அப்புறம் என்ன ஆகும்? சுத்திகரித்த தண்ணீரைத்தான் ஃப்ளஷ்ஷுக்கு அனுப்புகிறோம். அது நாறினால் நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கட்டட விதிக் கணக்கு. அதில் 45 லிட்டர் ஃப்ளஷ்ஷுக்கு. இருநூறு வீட்டில் எண்ணூறு பேர் என்றால் 36,000 லிட்டர். அதாவது தினமும் 12,000 லிட்டர் லாரி மூன்று கூடுதலாக. கெட்ட தண்ணீரை வெளியே எடுக்கக் கழிவுநீர் லாரி தனி. நாறிப்போன கார்பன் ஃபில்டருக்குப் புதுக் கரி தனி. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.டி.பி.யிலிருந்து சேறு கொண்டுவந்து விட்டு, பாக்டீரியா மறுபடி வளர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எட்டு மாதம் மிச்சம் பிடித்தது எட்டு நாளில் போய்விடும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. டேங்க் கெட்டுப்போனதும் ஒரு கான்ட்ராக்டர் வந்து, “உள்ளே ஆள் இறக்கிக் கிளீன் பண்ணிடலாம் சார், அரை நாள் வேலை” என்பார். ஒத்துக்கொள்ளவே கூடாது. அந்தத் தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்போது நாறும்; அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஒருவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர்ப் பாதையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், கூலிக்கு வந்த ஒரு மனிதரை நம் தொட்டியில் சாகவிடலாமா? மூடியில் பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பார்க்க வேண்டியது எளிது. ஏரேஷன் டேங்க் தண்ணீர் சாக்லேட் நிறத்தில் இருக்க வேண்டும், மண் வாசனை வர வேண்டும். ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் அதை எடுத்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் 250 முதல் 350 மில்லி வரை சேறு படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் பிளான்ட் நன்றாக இருக்கிறது. 100 மில்லிகூடப் படியவில்லை என்றால் பாக்டீரியா குறைந்துவிட்டது. சேறு பாதிக்கு மேல் நின்றால் டேங்க்கிலிருந்து கொஞ்சம் சேற்றை வெளியே எடுக்க வேண்டும். ஆபரேட்டர் அந்த அளவை லாக் புக்கில் எழுதட்டும். நீங்கள் வாரம் ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். மீட்டிங்குக்கு அந்தக் குடுவையையே கொண்டுபோய்க் காட்டினால் புளோயரை நிறுத்தச் சொல்லும் பேச்சு அடங்கும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமா? சுத்திகரித்த தண்ணீரைத் தோட்டத்துக்கும் திருப்புங்கள், பார்க்கிங் லைட்டுக்கு சென்சார் போடுங்கள்.

வால்வு எங்கே இருக்கிறது என்பது பிளம்பருக்கு மட்டும் தெரிந்திருப்பது

தீபாவளிக்கு பிளம்பர் ஊருக்குப் போயிருப்பார். அன்றைக்குத்தான் ஷாஃப்ட்டில் பைப் ஜாயின்ட் விடும். ஒரு பிளாக்கில் எந்த வால்வை மூடுவது என்று தெரியாமல் ஓவர்ஹெட் டேங்க் முழுவதும் காலியாகி, தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, லிஃப்ட் நான்கு நாள் நின்றது. ஒவ்வொரு வால்விலும் எண் போட்ட தகடு மாட்டுங்கள், எந்த எண் எந்த வீடுகளுக்கு என்று பம்ப் ரூம் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பில்டரிடமிருந்து ஹேண்டோவர் வாங்கும்போது, கட்டி முடித்தபடியான பைப், ஒயரிங் வரைபடங்களைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கமிட்டியிடம் சொல்லுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஃபயர் பம்ப் பேனலை மேனுவலில் விடுவது

கூடாது. மேனுவலில் இருந்தால் தீப்பிடிக்கும்போது பம்ப் தானாக ஓடாது. லைனில் அழுத்தம் குறையாமல் வைத்திருக்கும் சின்ன ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடினால் லைனில் எங்கோ கசிகிறது, அதைத் தேடுங்கள்.

லிஃப்ட்டில் ஆள் மாட்டினால் செக்யூரிட்டியே கதவைத் திறப்பது

இரண்டு தளத்துக்கு நடுவே நிற்கும் லிஃப்ட்டிலிருந்து ஆளைக் குதிக்கச் சொன்னால், கால் தவறிக் கீழே ஷாஃப்ட்டுக்குள் விழ வாய்ப்பிருக்கிறது. செக்யூரிட்டியின் வேலை இன்டர்காமில் பேசி அவருக்குத் தைரியம் சொல்வதும், லிஃப்ட் கம்பெனிக்கு போன் போடுவதும்தான். கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்விடும் ஏ.ஆர்.டி.யின் பேட்டரியை மாதம் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மெயின்டனன்ஸ் ஏற்றும்போது ஜி.எஸ்.டி.யை மறப்பது

வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்துக்கு மேல் போனால் வரி உண்டு. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு சர்க்குலர் அனுப்புங்கள்.

மழை வந்த பிறகு பேஸ்மென்ட் பம்ப்பைத் தேடுவது

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் பார்த்த ஊர் இது. இருந்தும் செப்டம்பரில் போய்க் கேட்டால், “பம்ப் இருக்கு சார்” என்ற பதில்தான் வரும். இருந்தால் போதாது. பம்ப் இருக்கும் குழிக்குள் பத்து பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், ஃப்ளோட் மேலே எழும்பி பம்ப் தானாக ஓடுகிறதா பாருங்கள். ஃப்ளோட் ஒயர் பைப்பில் சிக்கிக் கிடப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த பம்ப் ஜெனரேட்டர் லைனிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் வெள்ளத்தின்போது கரண்ட்டைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஜெனரேட்டரே பேஸ்மென்ட்டில் இருந்தால், அதை மேலே ஏற்றும் செலவைக் கமிட்டியிடம் ஒவ்வொரு வருடமும் கேளுங்கள்.

ஊழியர்களுக்கு உட்கார இடம் கேட்காமல் இருப்பது

பல குடியிருப்புகளில் ஜிம் இருக்கிறது, பார்ட்டி ஹால் இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் குப்பை அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கிற அண்ணனுக்குக் கழிப்பறை எது என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லை. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் நிலைக்க மாட்டார்கள். மாதம் ஒரு புதுமுகம் வந்தால் வால்வு, பம்ப், இன்டர்காம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் வேலையில் சேர்ந்ததும் வரும் முதல் மீட்டிங்கிலேயே ஒரு அறை, ஃபேன், குடிதண்ணீர், லாக்கர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். “இடமில்லை” என்றால், விசிட்டர் பார்க்கிங்கில் ஒரு காரின் இடத்தை அளந்து காட்டுங்கள்.