கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆஞ்சியோ சிடியைக் கேளுங்கள்

ஆஸ்பத்திரியில் ஏமாறுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். என் சித்தப்பாவை நெஞ்செரிச்சல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கூட இருந்தது வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்த சித்தி. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் கதவைத் திறந்து வந்து, "90 சதவீத அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா, சீக்கிரம் சொல்லுங்க" என்று, அடைப்பை விரித்து வைக்கும் அந்தச் சிறு வலைக்குழாய்க்கான சம்மத ஃபாரத்தை நீட்ட, நிரப்பாமல் கிடந்த கட்டங்களைக்கூடப் பார்க்காமல் சித்தி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த ஆஞ்சியோ பதிவான சிடியைப் பார்த்த வேறொரு டாக்டர், மாத்திரையிலேயே பார்த்திருக்கலாம் என்றார்.

பயம்தான் நம்மைப் பிடித்துக்கொடுக்கிறது. பணம் நம் கையிலிருந்து போகாவிட்டால் கேள்வி கேட்கவும் தோன்றாது. 2024 நவம்பரில் குஜராத்தின் போரிசணா கிராமத்தில் இலவச முகாம் போட்ட ஒரு தனியார் மருத்துவமனை, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப் போய், 17 பேருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து, 7 பேருக்கு ஸ்டென்ட் வைத்தது. இரண்டு பேர் இறந்தார்கள். குறி வைக்கப்பட்டது அவர்களிடம் இருந்த, மத்திய அரசின் இலவச சிகிச்சைக்கான ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை.

அதனால், வீட்டில் ஒரே ஒருவர் ஃபைலை வைத்துக்கொள்ளட்டும், தினம் ஒருவர் மாறி மாறி உட்கார்ந்தால் யாருக்கும் முழுக்கதை தெரியாது. மாரடைப்பே வந்திருந்தால் தாமதிக்கக் கூடாது, உடனே சம்மதியுங்கள். அப்படி இல்லையென்றால், "ஆஞ்சியோ மட்டும் எடுங்க, சிடி கொடுங்க, ரெண்டு நாள்ல சொல்றோம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஸ்டென்ட் வைத்தால் அதன் கம்பெனி, பேட்ச் நம்பர், விலை மூன்றும் பில்லில் தனியாக இருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு வைக்கும் முன் மருந்து பூசிய ஸ்டென்ட் லட்சத்துக்கு மேல் விற்றது, வரம்பு வந்ததும் 29,600 ரூபாய் ஆனது. கேட்காதவரிடம் எவ்வளவு போட முடியும் என்று இதிலேயே தெரியும்.

கேஷ்லெஸ் என்றாலும் அயிட்டம் வாரியாக பில் வாங்கிப் படியுங்கள், குறைவது உங்கள் பாலிசித் தொகைதான். முதல்வர் காப்பீட்டில் சிகிச்சை பெறும்போது தனியாகக் காசு கேட்டால் 1800 425 3993-க்குச் சொல்லுங்கள். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் முதலில் அதை வாங்கி வையுங்கள்.