ஜாவியத் எல் அர்யான்: சொந்தக்காரர் தெரியாத கல்லறையைப் பற்றி எழுதும்போது செய்யக்கூடாதவை

எகிப்தில் கீஸாவுக்கும் அபூசிருக்கும் நடுவில் ஜாவியத் எல் அர்யான் என்றொரு இடம். அங்கே வடக்குப் பிரமிடு என்று சொல்லப்படுவது பெயருக்குத்தான் பிரமிடு. மேலே கல் எழும்பவே இல்லை, பாறையைக் குடைந்து சுமார் 21 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய பெரும் பள்ளமும் அதற்குள் போகும் சரிவுப் பாதையும்தான் இருக்கின்றன.

இதை "பாகா மன்னனின் கல்லறை" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 1900-களின் தொடக்கத்தில் இங்கே தோண்டிய இத்தாலியர் அலெசாந்த்ரோ பர்சாந்தி, கற்களில் வேலையாட்கள் மையால் எழுதிவைத்த குறிகளைக் கண்டார். சிலவற்றில் மன்னர் பெயரைச் சுற்றிப் போடும் வளையமும் இருந்தது. பெயர் "கா" என்று முடிகிறது, சரி, அதற்கு முன்னால் இருக்கும் குறிதான் சிக்கல். பர்சாந்தி வரைந்து வெளியிட்ட நகல்கள் துல்லியமாக இல்லாததால் ஒருவர் நெப்கா என்கிறார், இன்னொருவர் பாகா, வேறொருவர் க்னூம்கா. இவ்வளவு குழப்பமும் ஒரே ஒரு குறியால்தான், அதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு விஷயமே போய்ச் சேராது.

4-ஆம் வம்ச மன்னர் ஜெதெஃப்ரேயின் பெயர் பொறித்த ஒரு பலகை இங்கே கிடைத்ததே, அப்போது அவருடையதுதானே என்று தாவுவதும் தப்பு. அவருக்குக் கீஸாவுக்கு வடக்கே அபூ ரவாஷ் என்ற இடத்தில் தனிப் பிரமிடு இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையையும், மேலிருந்து திறந்த பள்ளமாகத் தோண்டும் அதே அபூ ரவாஷ் முறையையும், பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் என்ற அடித்தளத்தையும் சேர்த்துப் பார்த்தால் 4-ஆம் வம்சம், அதாவது கீஸாவின் பெரிய பிரமிடுகள் எழுந்த காலம் என்பதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது.

அப்புறம், அதே இடத்தில் உள்ள அடுக்குப் பிரமிடோடு இதைக் குழப்பாதீர்கள். அது இன்னும் பழையது, 3-ஆம் வம்சத்து மன்னர் காபாவுடையது என்பார்கள். அதுவும் பக்கத்துக் கல்லறையில் அவர் பெயரோடு கிடைத்த கல் கிண்ணங்களை வைத்துச் செய்த ஊகம்தான்.

வடக்குப் பிரமிடின் பள்ளத்துத் தரையில் பதித்த, உடலை வைக்கும் நீள்வட்டக் கிரானைட் தொட்டி, மூடி போட்டபடியே கிடைத்தது. உள்ளே உடல் இல்லை. உடனே மர்மம், வேற்றுக்கிரகம் என்று போகாதீர்கள், பாவம் அந்தக் கல்தச்சர்களின் உழைப்பு. வேலை பாதியில் நின்ற கல்லறையில் மன்னரை அடக்கம் செய்யாமலே விட்டிருக்கலாம்.

நேரில் பார்த்துவிடலாம் என்று பயணத் திட்டத்திலும் சேர்க்க வேண்டாம். 1960-களிலிருந்து அது ராணுவப் பகுதி. இன்று பரவும் படங்களில் பலவும் பர்சாந்தி காலத்தவை, அவற்றை இப்போதைய நிலை என்று போடாதீர்கள்.