நூலும் நட்டும் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை அளப்பது எப்படி?

ஊசலை இடமும் வலமுமாக ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையைப் பள்ளி ஆய்வகத்தில் பலரும் செய்திருப்பார்கள். அதே ஊசலை வட்டமாகச் சுற்றவிட்டால் அதற்குக் கூம்பு ஊசல் என்று பெயர். ஆடும் ஊசலின் சூத்திரம் கோணம் சிறியதாக இருக்கும்போது மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். கூம்பு ஊசலுக்கு அந்தத் தோராயம் தேவையில்லை. ஒரு செங்கோண முக்கோணம் வரையத் தெரிந்தால் சூத்திரத்தை நாமே வருவித்துவிடலாம் என்பதால், தொடங்குவோருக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

பட்டம் விடும் நூல், கனமான ஓர் இரும்பு நட்டு, அளவு நாடா, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம் ஆகியவை போதும். கதவு நிலையின் மேல்சட்டத்தில், அடிப்பக்கம் நடுவில் ஓர் ஆணி அடித்து, ஆணியிலிருந்து நட்டின் நடுப்புள்ளி வரை சரியாக 1 மீட்டர் இருக்குமாறு கட்டித் தொங்கவிடுங்கள். நட்டுக்கு நேர் கீழே ஒரு முக்காலியை வைத்து, அதன்மேல் அகலமான அட்டை ஒன்றைப் பரப்பி, நட்டு தொங்கும் இடத்தை மையமாகக் கொண்டு 24 செ.மீ. முதல் 36 செ.மீ. வரை ஆரமுள்ள வட்டங்களை 2 செ.மீ. இடைவெளியில் வரைந்துகொள்ளுங்கள். நட்டு அட்டைக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தால் ஆரத்தைப் படிப்பது எளிது.

நட்டைச் சுற்றவிடுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். சுற்றும் நட்டின்மீது செயல்படும் விசைகள் இரண்டுதான்: கீழ்நோக்கிய எடை, நூலின் வழியே சாய்வாக மேல்நோக்கிய இழுவிசை. வெளிப்புறமாகத் தள்ளும் மூன்றாவது விசை ஒன்றைப் படத்தில் வரைந்துவிடுவது வழக்கமான தவறு. நூலை அறுத்துவிட்டால் நட்டு மையத்துக்கு நேர் எதிராக வெளியே பாயாது, அந்தக் கணத்தில் இருந்த தொடுகோட்டின் திசையில்தான் கிளம்பும். நூல் செங்குத்துடன் அமைக்கும் கோணத்தின் கொசைனால் இழுவிசையைப் பெருக்கினால் வரும் செங்குத்துக் கூறு எடையைத் தாங்குகிறது. சைனால் பெருக்கினால் வரும் கிடைக்கூறு, நட்டை வட்டத்தில் திருப்பும் மையநோக்கு விசையாகிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் இழுவிசையும் நிறையும் அடிபட்டுப்போய், திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைப்பதே கோணத்தின் டேன்ஜென்ட் என்று வரும். பொருட்காட்சிச் சங்கிலி ராட்டினத்தில் ஒரே சுற்றில் தொங்கும் இருக்கைகளில் குழந்தை அமர்ந்ததும் பெரியவர் அமர்ந்ததும் ஏறக்குறைய ஒரே சாய்வில் பறப்பதற்கு இதுவே காரணம்.

அதே டேன்ஜென்ட், நூலும் ஆரமும் செங்குத்து உயரமும் அமைக்கும் செங்கோண முக்கோணத்தில் ஆரத்தை உயரத்தால் வகுத்தால் கிடைப்பதும் ஆகும். இங்கே உயரம் என்பது ஆணிக்கும் வட்டத்தின் தளத்துக்கும் உள்ள தொலைவு. வட்டத்தின் சுற்றளவைச் சுற்றுக்காலத்தால் வகுத்துத் திசைவேகத்தை எழுதி, இரண்டையும் சமன்படுத்தினால்:

புவியீர்ப்பு முடுக்கம் = 39.48 × உயரம் ÷ (சுற்றுக்காலம்)²

39.48 என்பது பையின் (π) வர்க்கத்தைப் போல் 4 மடங்கு.

இனி நட்டை 30 செ.மீ. வட்டத்துக்குச் சற்று வெளியே இழுத்து, மையத்தை நோக்கி விடாமல், ஆரத்துக்குச் செங்குத்தான திசையில் மெதுவாகத் தள்ளுங்கள். முதல் சில முறை பாதை நீள்வட்டமாகத்தான் வரும். அதைக் கொண்டு அளக்காமல் மறுபடி தள்ளுங்கள். பாதை வட்டமானதும் நட்டு ஒரு குறியைக் கடக்கும்போது ‘சுழி’ என்று எண்ணத் தொடங்கி, 20 சுற்றுக்கான நேரத்தைக் குறியுங்கள். காற்றின் தடையால் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும் என்பதால் தொடக்கத்திலும் முடிவிலும் ஆரத்தைப் படித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

சராசரி ஆரம் 0.30 மீட்டர், 20 சுற்றுக்கு 39.2 வினாடி என்று கொள்வோம். நூல் 1 மீட்டர் என்பதால் உயரம், 1 − 0.09 = 0.91 என்பதன் வர்க்கமூலம், அதாவது 0.954 மீட்டர். சுற்றுக்காலம் 1.96 வினாடி; அதன் வர்க்கம் 3.84. விடை 9.80 மீ/வி².

உங்கள் விடை 10.9 அளவில் வந்தால் ‘சுழி’ என்பதற்குப் பதிலாக ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி, 19 சுற்றையே 20 என்று எழுதியிருக்கிறீர்கள். 9.6 அளவில் வந்தால் நூலை நட்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்தியிருக்கலாம், 2 செ.மீ. குறைந்தாலே இவ்வளவு இறங்கிவிடும். ஆரத்தை 50 செ.மீ. அளவுக்குப் பெரிதாக்கும் ஆசை வேண்டாம். அங்கே ஆரத்தில் 1 செ.மீ. பிழைத்தால் உயரத்தில் 0.7 சதவீதம் போய்விடும், 30 செ.மீ. ஆரத்தில் அதன் பாதிக்கும் குறைவுதான்.

இதே 39.48 ஐ நிலவுக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். அங்கே நூல் இல்லை, ஈர்ப்பு மட்டுமே மையத்தை நோக்கி இழுக்கிறது என்பதால் சூத்திரத்தில் உயரம் இருந்த இடத்தில் சுற்றுப்பாதையின் ஆரம் வரும். 38,44,00,000 மீட்டரை 39.48 ஆல் பெருக்கி, 27.3 நாளை வினாடியாக்கி வர்க்கப்படுத்தி வகுத்தால் 0.00273 மீ/வி² கிடைக்கும். கதவு நிலையில் அளந்த 9.80 ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 3600 வரும். நிலவின் தொலைவு பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 60 மடங்கு. 60 இன் வர்க்கம் 3600. ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதை நியூட்டன் இந்த ஒப்பீட்டைக் கொண்டே சோதித்துப் பார்த்தார்.